பங்காளியும் பக்கத்து வீட்டாரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்சிகளின் புத்தாண்டான நவ்ரோஸ் பண்டிகையையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரை, பழைய ஈரானில் ஜரதுஷ்டிரர் தோற்றுவித்து இன்று பார்சிகள் பின்பற்றும் ஜரதுஷ்டிர மதத்தை ‘வேத மதத்திலிருந்து பிரிந்த கிளை’ என்றது. அடுத்த இதழில் அதை மறுத்து எழுதிய வாசகர், யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றையும் பெற்றெடுத்த ‘தாய் மதம்’ அதுதான் என்று ஒரே போடாகப் போட்டார். இருவருக்கும் பார்சிகள்மேல் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. தங்கள் வழக்குக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. கையில் அகப்பட்டவர் ஜரதுஷ்டிரர்.

மும்பையில் 11 ஆண்டுகள் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். அடுத்த மேசையில் ஒரு பார்சி நண்பர். மதியச் சாப்பாட்டுக்கு முன் கை, முகம் கழுவிவிட்டு, வெளிச்சம் வரும் ஜன்னலைப் பார்த்து நின்று, சட்டைக்குள் இடுப்பில் சுற்றியிருக்கும் குஸ்தி என்ற புனிதக் கயிற்றை அவிழ்ப்பார். உதடு அசையும். ஓரிடத்தில் கயிற்றின் நுனியைச் சாட்டைபோல் ஒரு சொடுக்குச் சொடுக்குவார். தீமையின் வடிவமான அஹ்ரிமன் அடிபட்டு முறியட்டும் என்று மந்திரம் சொல்லும் இடம் அது. பிறகு மூன்று சுற்றுச் சுற்றி, முன்னும் பின்னும் முடிச்சுப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறப்பார். செம்மறிக் கம்பளி இழைகள் 72 சேர்த்து நெய்த கயிறு அது. யஸ்னா என்னும் வழிபாட்டு நூலின் 72 அத்தியாயங்களுக்கு ஈடு.

“எங்கள் ஊர்ப் பூணூல் மாதிரிதானே?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “என் தங்கையும் கட்டியிருக்கிறாள். உங்கள் ஊரில் பெண்களுக்குப் போடுகிறார்களா?” என்று திருப்பிக் கேட்டார். அன்றோடு அந்த ஒப்பீட்டை விட்டேன்.

ஒற்றுமை இல்லை என்று சொல்லவில்லை. அது காதிலேயே விழுகிறது. வடமொழியில் ஸகரம் வருமிடத்தில் அவர்களுடைய வேதமான அவெஸ்தாவின் மொழியில் பெரும்பாலும் ஹகரம் வரும். சோமம் அங்கே ஹஓமம். சப்த சிந்து அங்கே ஹப்த ஹெந்து. ‘இந்து’ என்ற பெயரே பாரசீகர் வாயில் சிந்து மாறிய கதைதான். நல்ல நினைவு, நல்ல சொல், நல்ல செயல் என்று பார்சிக் குழந்தைகள் முதலில் கற்கும் மூன்றில் நடுவில் உள்ளது ‘ஹுக்த’; புருஷ சூக்தம் என்பதில் உள்ள சூக்தமும் அதுவும் ஒன்று.

ஆனால் ஒரே சொல் இரு வீடுகளில் என்ன பாடுபடுகிறது பாருங்கள். இங்கே தேவர்கள் கும்பிடத் தக்கவர்கள். அங்கே தஏவர்கள் விரட்டத் தக்கவர்கள். வெந்திதாத் என்னும் நூலில் இந்திரனே பேய்களின் பட்டியலில் நிற்கிறான். இங்கே அசுரன் என்றால் வசவு; அங்கே அஹுர மஸ்தாவே முழுமுதற் கடவுள். இதைக் கொண்டு, ‘தேவரைக் கும்பிட்டவர்களும் அசுரரைக் கும்பிட்டவர்களும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள்’ என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கதை கட்டினார்கள். அதுவும் இலேசில் நிற்காது. ரிக் வேதத்தில் வருணனை அசுரன் என்று அழைப்பது மரியாதையாகத்தான்.

யமன் கதை இன்னும் சுவையானது. விவஸ்வானின் மகன் யமன். அவெஸ்தாவில் வீவங்வந்தின் மகன் யிம. நம் யமன் இறந்தோருக்கு அரசனானான்; அவர்கள் யிமவோ சாவும் முதுமையும் அண்டாத பொற்காலத்தின் அரசன். ஒளிபொருந்திய யிம என்ற பட்டப்பெயரே பிற்காலப் பாரசீகத்தில் ஜம்ஷெட் ஆயிற்று. ஜம்ஷெட்பூருக்கு டிக்கெட் எடுக்கிறவர் யமன் பெயரைச் சொல்லித்தான் எடுக்கிறார்! இதற்குக் கிளை என்றா பெயர்? நம் ஊரில் இதைப் பங்காளி உறவு என்போம். ஒரே பாட்டன் சொத்து. பாகம் பிரித்த பிறகு ஒரு வீட்டுச் சாமி மற்ற வீட்டில் பேய்.

இனி ‘தாய் மதம்’. பாபிலோன் கி.மு. 539இல் பாரசீக மன்னர் கோரேசிடம் (சைரஸ்) வீழ்ந்தது. சிறைப்பட்டிருந்த யூதர்களை அவர் ஊர் திரும்ப விட்டார். ஏசாயா 45ஆம் அதிகாரம், வேற்றினத்தவரான அவரைக் கர்த்தரால் அபிஷேகம் பெற்றவர் என்றே சொல்கிறது. அதன் பிறகு இரு நூற்றாண்டுகள் யூதர்கள் பாரசீக ஆட்சியில் வாழ்ந்தார்கள். வேதாகமம் வைத்திருப்பவர்கள் இரண்டு இடங்களை அடுத்தடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். தாவீது ஜனத்தொகை எடுத்த கதை 2 சாமுவேல் 24இல் வருகிறது. அவரைத் தூண்டியது கர்த்தரின் கோபம். அதே கதை 1 நாளாகமம் 21இலும் வருகிறது. அங்கே தூண்டியவன் சாத்தான். நாளாகமம் சிறைமீட்புக்குப் பின் எழுதப்பட்டது. இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், பாரசீகர் வந்தார்கள் என்பது ஒரு பதில். நல்ல பதில்தான். அது ஒன்றே பதில் என்று சத்தியம் செய்ய முடியாது.

ஏன் என்றால், கோரேசே ஜரதுஷ்டிரர் வழி நின்றவர் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அவருடைய களிமண் உருளை, பாபிலோனின் தெய்வமான மர்தூக் தன்னைத் தேர்ந்தெடுத்ததாகப் பேசுகிறது. அஹுர மஸ்தாவின் பெயரை ஓயாமல் கல்லில் வெட்டியவர் பின்னால் வந்த தாரியஸ். இன்னொரு சிக்கல் நூல்களின் காலம். இறந்தவர் கடக்கவேண்டிய சின்வத் பாலத்தின் பெயர், அவெஸ்தாவின் மிகப் பழைய பாடல்களான காதைகளிலேயே இருக்கிறது. ஆனால் நல்லவருக்கு அது அகன்று தீயவருக்குக் கத்திமுனையாகச் சுருங்கும் என்ற வர்ணனையை விரித்துச் சொல்லும் பஹ்லவி (இடைக்காலப் பாரசீக) நூல்கள், இஸ்லாம் வந்த பிறகே இன்றைய உருவில் எழுதி முடிக்கப்பட்டன. மறுமையில் எல்லோரும் கடக்கவேண்டும் என்று முஸ்லிம்கள் நம்பும் சிராத் பாலத்தோடு ஒப்பிடும்போது யார் யாரிடம் வாங்கினார் என்பதை அவ்வளவு சுலபமாகத் தீர்க்க முடியாது. பக்கத்து வீட்டில் அரிசியும் மோரும் மாறிமாறிக் கைமாற்று வாங்குகிறவர்களுக்குக் கணக்கு நினைவிருக்குமா?

அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்பது மட்டும் உறுதி. குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் யூதர், கிறிஸ்தவர் வரிசையில் மஜூஸிகளையும், அதாவது ஜரதுஷ்டிர மதத்தினரையும், பெயர் சொல்கிறது. பெத்லகேமுக்கு வந்தவர்களை மத்தேயு கிரேக்கத்தில் ‘மகோய்’ என்கிறார். பாரசீகப் புரோகிதர்களுக்கு உரிய பெயர் அது. நம் பழைய தமிழ் வேதாகமம் ‘சாஸ்திரிகள்’ என்று போட்டுவிட்டதால் அவர்கள் கும்பகோணத்திலிருந்து போனவர்கள்போல ஒலிக்கிறார்கள்.

நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று உண்டு. கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு வேணாட்டு அய்யனடிகள் 849இல் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் சாட்சிக் கையொப்பங்கள் மட்டும் அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் உள்ளன. பஹ்லவியில் ஒப்பமிட்டவர்களில் கிறிஸ்தவர்களோடு ஜரதுஷ்டிர மதத்தினரும் இருக்கிறார்கள். துறைமுக வியாபாரிகள், ஒருவர் கோயில் சொத்துக்கு மற்றவர் சாட்சி.

கடைசியாக ஒரு குறை. கட்டுரைக்குப் போட்ட படத்தின் கீழே ‘நெருப்பை வணங்கும் பார்சிகள்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். குஜராத்தின் உத்வாடாவில் எரியும் ஈரான்ஷா போன்ற தலையாய நெருப்பை நிறுவ, சிதை நெருப்பு, பொற்கொல்லர் உலை, குயவர் சூளை, மின்னல் தாக்கிப் பற்றிய நெருப்பு என்று 16 இடங்களிலிருந்து எடுத்துத் தூய்மை செய்து சேர்க்கிறார்கள். அஹுர மஸ்தாவின் ஒளிக்கு அது கண்கண்ட உருவம். அகல் விளக்குக்கு முன் கைகூப்பும் நம் பாட்டியை ‘எண்ணெயை வணங்குபவர்’ என்று போடுவீர்களா?

அடுத்த இதழில் படக்குறிப்பையாவது திருத்திவிடுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் பார்சிகள் 57,264 பேர்தான். ஆனால் சென்னை ராயபுரத்தில் 1910இல் கட்டிய அவர்கள் கோயில் ஒன்று இருக்கிறது. உங்கள் இதழ் அந்தத் தெருவிலும் விற்கிறது.

இப்படிக்கு,
கு. ச.,
திருச்சி