அம்பு பட்ட மான் உடனே விழாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வில் வேட்டை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. மான்கள் ஏன் இவ்வளவு பெருகின, ஊரை ஒட்டிய காடுகளில் துப்பாக்கியைவிட வில்லுக்கு ஏன் கூடுதலாக இடம் தருகிறார்கள் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அம்பு பாய்ந்ததும் மான் அங்கேயே சுருண்டு விழுந்துவிடும் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நியூ ஜெர்சியில் உரிமம் எடுத்து வில்லோடு காட்டுக்குப் போகிறவன் நான். அந்த நம்பிக்கையால் மான்கள் படும் வேதனை கொஞ்சமல்ல.

முதலில், அம்பு போய்ச் சேருவதற்குள்ளேயே மான் அசைந்துவிடும். காம்பவுண்ட் வில்லின் (முனைகளில் கப்பிகள் பூட்டிய நவீன வில்) அம்பு நொடிக்கு சுமார் 280 அடி போகும். ஒலி 1,100 அடிக்கு மேல். 20 கெஜ தூரத்தில் நாணின் சத்தம் காதில் விழுந்து, நொடியில் ஆறில் ஒரு பங்கு கழிந்த பிறகுதான் அம்பு வருகிறது. பாய்ந்து ஓட வேண்டுமானால் மான் முதலில் கால்களை மடக்க வேண்டும், அப்போது உடம்பு கீழே இறங்கும். காதை நிமிர்த்திக்கொண்டு உஷாராக நிற்கும் வெள்ளைவால் மான் 30 கெஜத்தில் ஒரு சாண் கூட இறங்கிவிடும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் ஏறுவது இப்படித்தான். முதுகெலும்பில் பட்டால் மான் நின்ற இடத்திலேயே விழும், உண்மைதான். ஆனால் உயிர் இருக்கும், உடனே இரண்டாவது அம்பு விட்டாக வேண்டும். கட்டுரை சொல்லும் காட்சி, பெரும்பாலும் குறி தவறியதன் விளைவு.

சரியான இடத்தில், அதாவது இதயத்திலோ இரண்டு நுரையீரல்களிலோ பட்ட மான் பெரும்பாலும் ஓடத்தான் செய்யும். பின்னங்கால்களைக் கழுதை உதைப்பதுபோல் உதறிவிட்டு, உடம்பைத் தாழ்த்தி, புதர்களில் மோதிக்கொண்டு ஓடும். நூறு கெஜம் ஓடி விழலாம், எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். குண்டு போல அதிர்ச்சியால் கொல்வதில்லை அம்பு, ரத்தப்போக்கால் கொல்கிறது. வயிற்றில் பட்ட மானோ பெரும்பாலும் தூரம் ஓடாது. முதுகைக் கூனிக்கொண்டு நாலு அடி நடக்கும், நிற்கும், மறுபடி நடக்கும். பார்க்கிறவருக்கு லேசான காயம் போலத் தோன்றும். அதுதான் மிக மோசமான காயம்.

அப்புறம், ஊடுருவிப் போய் மண்ணில் குத்தி நிற்கும் அம்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வெளிர்சிவப்பில் சிறு குமிழ்களோடு ரத்தம் இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். பச்சையும் பழுப்புமாகப் பிசுபிசுத்து, மூக்கருகே கொண்டுபோனதும் நாற்றம் அடித்தால் வயிறு. நுரையீரலுக்கு அரை மணி நேரம், கல்லீரலுக்கு நாலு மணி நேரம், வயிற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுத்தான் தேடப் போக வேண்டும். துரத்தாமல் விட்டால் வயிற்றில் அடிபட்ட மான் பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும். துரத்தினால் எழுந்து வெகுதூரம் போய், கிடைக்காமல், நாள் முழுக்கத் துடித்துச் சாகும். செப்டம்பர் வெயிலில் இறைச்சி கெட்டுவிடுமே என்று சிலர் அவசரப்படுகிறார்கள். இறைச்சி போனால் போகட்டும் என்பேன் நான்.

பழகியவர்களுக்கே தவறுகிறது. மேரிலாந்தின் இண்டியன் ஹெட் கடற்படைத் தளத்தில் குறிபார்க்கும் தேர்வில் தேறியவர்களை மட்டுமே அனுமதித்தார்கள். அங்கேயே அம்பு பட்ட மான்களில் 18 சதவீதம் கைக்குக் கிடைக்கவில்லை. உஷாராக நிற்கும் மான் மீதும், எட்டத்தில் நிற்கும் மான் மீதும் அம்பு விடாமல், தான் உட்கார்ந்திருக்கும் மரத்திலிருந்து இறங்கி வருபவரைத்தான் நான் நல்ல வேட்டைக்காரர் என்பேன்.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் வேட்டைக்குப் போகமாட்டார்கள், தெரியும். ஆனால் நியூ ஜெர்சியில் நம்மவர்கள் நிறையப் பேர் காட்டை ஒட்டித்தான் குடியிருக்கிறோம். இங்கே துப்பாக்கிக்காரர் வீடுகளிலிருந்து 450 அடி தள்ளி இருக்க வேண்டும், மரத்தின் மேல் உட்கார்ந்து எய்யும் வில்காரருக்கு 150 அடி போதும். அதனால் அம்பு பட்ட மான் நம் கொல்லைப்புறத்துக்கே வந்து படுக்கலாம். அப்படிப் படுத்தால் போனை எடுத்துக்கொண்டு கிட்டே ஓடாதீர்கள், தண்ணீர் வைக்கவும் போகாதீர்கள். பயத்தில் எழுந்து ஓடிவிடும். பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளூர் போலீசுக்குச் சொல்லுங்கள். மானைத் தேடி வருபவர் கதவைத் தட்டி அனுமதி கேட்டால், கோபம் இருந்தாலும் கொடுங்கள். எந்தப் பக்கமாக வந்தது, எவ்வளவு நேரமாகப் படுத்திருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நியூ ஜெர்சி