'மாதம் 21 முறை' என்று தலைப்பு வைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள், யூடியூப் சேனல்களில் ஆரோக்கியப் பகுதியைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

என் பெரியப்பாவுக்கு 71 வயது. போன வருஷம் பயாப்சியில், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பென்ஷன் புத்தகத்தின் உறைக்குள்ளிருந்து, நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். மாதம் 21 முறை உறவு கொண்டால் புராஸ்டேட் புற்றுநோய் வராது என்று தலைப்பு. பெரியம்மா இறந்து 20 வருஷம் ஆகிறது. "தனியா இருந்ததுனாலதான் வந்துச்சாப்பா?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். இந்த மாதிரி விஷயத்தை அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று ராத்திரியே அந்தச் செய்திக்கு மூலமான ஆய்வைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1986இல் தொடங்கியது. பல் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், கால்நடை மருத்துவர்கள் என 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். 1992இல் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் 20களில், 40களில், போன வருஷத்தில் மாதத்துக்கு எத்தனை முறை விந்து வெளியேறியது? இதை வைத்து 2004இல் ஒரு கட்டுரையும் 2016இல் இன்னொன்றும் வந்தன. இரண்டாவதில் சுமார் 32 ஆயிரம் பேரின் கணக்கு இருக்கிறது. அவர்களில் 3,839 பேருக்கு இந்தப் புற்றுநோய் வந்தது. மாதம் 21 முறையோ அதற்கு மேலோ என்றவர்களுக்கு, 4 முதல் 7 முறை என்றவர்களைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக வந்திருக்கிறது. வராது என்று எங்கேயும் எழுதவில்லை.

உறவு என்றும் எழுதவில்லை. உடலுறவு, சுய இன்பம், தூக்கத்தில் தானாக வெளியேறுவது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். நீங்கள் அதை 'உறவு' என்று சுருக்கியதால்தான் மனைவியை இழந்த ஒரு மனிதர் தன் தனிமையை நோய்க்குக் காரணமாக நினைத்துக்கொண்டார். இன்னொன்றும் இருக்கிறது. அந்த 20 சதவீதம், 20களிலும் 40களிலும் எப்படி இருந்தார்கள் என்பதை வைத்துப் போட்ட கணக்கு. பெரியம்மா போனபோது பெரியப்பாவுக்கு 51. அவர் தனியாக இருந்த வருஷங்களைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் காலையில் இதைத்தான் அவரிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அந்த அமெரிக்க ஆய்வில், கேள்விக்குப் பதில் எழுதியபோது அவர்களில் மிக இளையவருக்கே 46 வயது. 20 வயதில் நடந்ததை ஞாபகத்திலிருந்துதான் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள், படித்தவர்கள். வித்தியாசம் தெரிந்ததும் முக்கியமாக அபாயம் குறைந்த வகைப் புற்றுநோயில்தான். 2003இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றும் இதே பக்கம் சாய்கிறது, உண்மைதான். ஆனால் 2009இல் வந்த பிரிட்டன் ஆய்வில், 20களிலும் 30களிலும் அடிக்கடி சுய இன்பம் கொண்டவர்களுக்கு நோய் அதிகமாகவும், 50களில் அப்படி இருந்தவர்களுக்குக் குறைவாகவும் காணப்பட்டது. சுரப்பியில் தேங்குவது வெளியேறிவிடுவதால் நல்லது என்பது இன்னும் ஊகம்தான். இந்த நிலையில், மாதம் இத்தனை முறை என்று யாருக்கும் சீட்டு எழுதித் தர முடியாது.

நம் ஊரில் இதற்கு வலி கூடுதல். விந்து போனால் நரம்பு தளரும், ஆயுள் குறையும் என்று ராத்திரி டிவி வைத்தியர்கள் வருஷக்கணக்காகப் பயமுறுத்தியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது, போகாவிட்டால் கேன்சர் என்கிறீர்கள். பெரியப்பா வைத்திருந்த துண்டின் கீழ்ப்பாதியில் ஆண்மைக் குறைவுக்கு மருந்து விளம்பரம் வேறு. பாலியல் வீரியத்துக்கும் புராஸ்டேட் கோளாறுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

அடுத்த முறை இந்தச் செய்தியைப் போடும்போது யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பதைத் தயவுசெய்து முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அதே பக்கத்தில், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதைப் போடுங்கள். ஆரம்பத்தில் அறிகுறியே தெரியாமல் இருக்கலாம் என்பதையும், ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்து போவதை 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதையும் போடுங்கள். புராஸ்டேட் கோளாறைக் கண்டறிய எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரத்தில் விந்து வெளியேறியிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு உங்கள் பக்கத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி மகன்