ஆடியவர் போனாலும் அவருடைய கேரக்டரைச் சாகடிக்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இளைஞர் பகுதியில் மேசை ஆட்டங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான ஆட்டங்களை நம் பிள்ளைகள் தமிழிலேயே பேசி ஆடுகிறார்கள் என்று எழுதியிருந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால், ஆடுபவர் ஒருவர் விலகிப் போனால் அவருடைய கேரக்டரைக் கதையில் சாகடித்துவிடலாம், இல்லையென்றால் வில்லனாக மாற்றிவிடலாம், புதிதாக வருபவர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும் என்று ஒரு யோசனையும் அதில் இருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை மாலையில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஆளுக்கொரு கேரக்டரை உருவாக்கி, பெயரும் குணமும் கொடுத்து, வாரா வாரம் அந்த ஆளாகவே பேசி முடிவெடுப்பார்கள். முடிவு பலித்ததா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். மற்ற உலகம் முழுவதையும் நடத்துவது டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். எங்கள் மேசையில் அது நான்.

எங்கள் உலகத்தில் கோட்டை, அரண்மனை எதுவும் கிடையாது. பால்மரத் (ரப்பர்) தோட்டம், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம், ஸ்டோர், முனியாண்டி கோயில், சுற்றிலும் காடு, காட்டுக்குள் பூதங்கள். முதல் குழு ஆடும்போது, துரை தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப் போகிறார் என்று கதையைக் கொண்டுபோனேன். நிஜத்தில் அப்படி நடந்த காலத்தில், 1960இல், எங்கள் ஊரில் பிறந்த துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பிள்ளைகள் அதைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்கள். பூதத்திடம் பிடுங்கிய பொற்காசைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் தோட்டத்தையே வாங்கிவிட்டார்கள். பத்திரத்தில் எல்லாருடைய கேரக்டரும் கையெழுத்துப் போட்டது. நான் எதிர்பார்க்கவே இல்லை; அன்றைக்கு மண்டபத்தில் ஒரே சத்தம்.

அந்தக் குழுவில் யாரும் இப்போது ஊரில் இல்லை. வேலைக்கும் படிப்புக்கும் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். தோட்டத்து ஊர்களில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சரி, அந்தக் கேரக்டர்களைச் சாகடித்துவிட்டால் தோட்டம் யாருடையது? இன்றைக்கு ஆடும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் யாருடைய லயத்தில் குடியிருக்கிறார்கள்? பழைய கேரக்டர்கள் போனால் உலகத்தின் சரித்திரமே போய்விடும்.

அதற்காக டிஎம் தன் இஷ்டத்துக்கு எடுத்து ஆட்டலாம் என்று சொல்லவில்லை. காண்டா மாயன் என்று ஒரு கேரக்டர். பால் வாளி தூக்கும் காண்டாக் கம்புதான் அவனுக்கு ஆயுதம். அவனைப் பற்றிய விவரங்களை எழுதிவைத்த தாள் என்னிடம் இருக்கிறது. ஹிட் பாயிண்ட், அதாவது மிச்சமிருக்கும் உயிர்ப் புள்ளி எழுதும் கட்டத்தில் அழித்து அழித்து எழுதி, தாள் ஓட்டையாகி, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் மைலோ கறை. அவனை உருவாக்கிய தம்பி சிங்கப்பூரில் வேலை கிடைத்துக் கிளம்பியதும் வாட்சாப்பில் கேட்டேன்: “மாயனை ஸ்டோருக்குக் காவலாக வைக்கட்டுமா?” பதில் உடனே வந்தது: “வைங்க அக்கா. ஆனா அவனைக் குடிக்க மட்டும் வைக்காதீங்க.”

அந்தத் தம்பி வீட்டில் அவனுடைய அப்பாவால் என்ன நடந்தது என்று எங்கள் வரிசையில் எல்லாருக்கும் தெரியும். மாயன் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவன் என்பதை ஆட்டத்தில் நானும் பார்த்திருக்கிறேன். ஏதோ குணத்துக்காகச் செய்கிறான் என்று கடந்து போயிருந்தேன். கேரக்டருக்குள் ஆடுபவர் எதை வைத்திருக்கிறார் என்று வெளியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும்.

பக்கத்து ஊர் மேசையில் இப்படிக் கேட்காமல் செய்தார்கள். ஒரு பெண் ஆடிய வைத்தியச்சி கேரக்டரை, அவள் கல்லூரிக்குப் போன பிறகு, ஊரைக் காட்டிக்கொடுத்தவளாக மாற்றிவிட்டார்கள். தோழி சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. விடுமுறையில் எங்கள் மேசைக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு வருஷம் அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள் அது!

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1974இல் இந்த ஆட்டத்தை டேவ் ஆர்னசனோடு சேர்ந்து கொண்டுவந்த கேரி கைகாக்ஸ், கிரேஹாக் என்று ஓர் உலகம் வைத்திருந்தார். அவர் மகன் எர்னி ஆடிய கேரக்டர் டென்சர். அவருடைய நண்பர் ராப் குன்ட்ஸ் ஆடியது ரோபிலார். கைகாக்ஸ், இந்த ஆட்டத்தை வெளியிட்ட தம் நிறுவனத்தை விட்டு விலகிய பிறகும் உலகம் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1991இல் அவர்கள் வெளியிட்ட போர்க்கதையில் டென்சர் கொல்லப்பட்டார், ரோபிலார் துரோகியின் கூட்டாளி ஆனார். சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஆடிய ஆளை இப்படியா நடத்துவது?

அதே ஆட்டத்தில் நல்ல உதாரணமும் இருக்கிறது. கைகாக்ஸின் இன்னொரு மகன் லூக் ஆடிய கேரக்டர் மெல்ஃப். அந்தப் பெயரில் அமில அம்பு விடும் மந்திரம் ஒன்று விதிப் புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளை மேசையில் அதைச் சொல்லிப் பகடையை உருட்டும்போது, எங்கோ ஒரு பையன் ஆடிய கேரக்டருக்கு உயிர் இருக்கிறது. எங்கள் மேசையிலும் அப்படித்தான்: லயத்துக் கிணறு, காட்டுப்பாதை, ஒரு மருந்து, எல்லாவற்றுக்கும் பழைய கேரக்டர்களின் பெயர்கள்.

கட்டுரையாளர் பயப்படுவது ஒன்று எனக்குப் புரிகிறது. பழைய வீரர்கள் வந்து நின்றால் புதியவர்களுக்கு வேலை இல்லாமல் போகும். உண்மைதான். அதனால்தான் மாயன் இப்போது ஸ்டோர் வாசலை விட்டு நகர்வதில்லை. பிள்ளைகள் போய்க் கேட்டால் காட்டுப்பாதையைப் பற்றிச் சொல்வான், காண்டாக் கம்பை இரவல் தருவான். பூதத்தோடு சண்டை போடுவது பிள்ளைகள்தான். பழையவருக்கு ஓர் இடமும் ஒரு வேலையும் கொடுத்தால் போதும், அவரைக் கொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் மேசையில் ஆடிவிட்டு வெளியூர் போன தம்பி தங்கைகள் இதைப் படித்தால், உங்கள் கேரக்டரை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சொல்லாதவர்களை எல்லாம் தைப்பூசத்துக்குப் பினாங்கு போயிருப்பதாகவே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.