உன் பின் டயரைப் பார்த்தேன்

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் டயர் என்று நான் வாயைத் திறந்ததுமே நீ "சரிப்பா, பாத்துக்கறேன்ப்பா" என்று முடித்துவிடுகிறாய். அந்தப் பாத்துக்கறேனுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், என் அப்பாவிடம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

சித்திரை ஒண்ணுக்கு வந்திருந்தாயே, மறுநாள் காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் உன் பைக்கைக் கழுவினேன். கழுவியது ஒரு சாக்குதான். தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரெடிங் பட்டறையில் இருபத்தெட்டு வருடம் நின்றவனுக்கு எந்த வண்டியைக் கண்டாலும் கண் முதலில் டயருக்குத்தான் போகும். உன் பின் டயர் நடுவில் சப்பாத்திப் பலகை மாதிரி தட்டையாகிக் கிடக்கிறது. ஓரத்தில் மட்டும் பட்டன், அதாவது பள்ளம் விட்ட ரப்பர், இருக்கிறது. நீ ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு மேலேயிருந்து பார்த்தால் அந்த ஓரம்தான் தெரியும், அதைப் பார்த்து இன்னும் இருக்கிறது என்று நினைத்திருப்பாய். குனிந்து பார்த்தால்தான் நடுப்பக்கம் தெரியும்.

பெங்களூரில் இருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று நாமக்கல் வரைக்கும் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். பெரும்பாலும் நேர் ரோடு, அதில் நடு ரப்பர் மட்டும்தான் தேயும். பைக் டயர் உருண்டையாக இருப்பதே வளைவில் சாயும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீராக உருளத்தான். நடு தட்டையாகிவிட்டால் தட்டை முடிகிற இடத்தில் ஒரு விளிம்பு வந்துவிடும், சாய்க்கும்போது வண்டி முதலில் முரண்டு பிடிக்கும், அப்புறம் அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுகிற மாதிரி சாயும். "கொஞ்ச நாளா ஹேண்டில் ஒரு மாதிரி இருக்குப்பா, பேரிங் போச்சோ என்னவோ" என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாயே, பேரிங்காக இருந்தாலும் இருக்கலாம், ஆனால் எனக்கு இந்த டயர் மேல்தான் சந்தேகம். இரண்டு மாதத்தில் மூன்று பஞ்சர் என்று ரோட்டைத் திட்டினாய் பார், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ரப்பர் மெலிந்தால் புது டயரில் மேலோடு நின்றுபோகிற ஆணி உள்ளே வரைக்கும் போய்விடும்.

டயரின் பக்கச் சுவரில், பட்டன் ஆரம்பிக்கிற இடத்துக்குக் கிட்டே, ஒரு சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அங்கிருந்து நேராக உள்ளே பார், பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு தெரியும். பைக் டயரில் அது பெரும்பாலும் 0.8 மில்லிமீட்டர் உயரம். வெளி ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று கம்பெனிக்காரனே சொல்கிறான் என்று அர்த்தம். உன் பின் டயரில் இரண்டு இடத்தில் சமமாகிவிட்டது, தீக்குச்சியை வைத்துப் பார்த்தேன். அது கடைசி எல்லை, அதுவரைக்கும் ஓட்டலாம் என்ற அனுமதிச் சீட்டு கிடையாது. மழைக் காலத்துக்கு முன்னால் 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டாலே நான் மாற்றச் சொல்வேன்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும், "இப்பவும் நல்லாத்தானப்பா பிடிக்குது." அதுதான் சிக்கலே. காய்ந்த தார் ரோட்டில் மொட்டை டயர் நன்றாகவே பிடிக்கும், சொல்லப்போனால் பந்தயத்தில் காய்ந்த நாளில் கோடே இல்லாத டயரைத்தான் போடுகிறார்கள், மழை வந்தால்தான் கோடு போட்டதை மாட்டுகிறார்கள். ரோட்டைப் பிடிப்பது ரப்பர்தான், கோடு இருப்பது தண்ணீருக்கு வழிவிட. ரோட்டில் நீ நிற்பதே முன்னால் ஒரு வெற்றிலை அகலம், பின்னால் ஒரு வெற்றிலை அகலம், அவ்வளவுதான். அந்த இடத்திலிருந்து தண்ணீர் வெளியே போக வழி இல்லாவிட்டால் ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். ஆக ஆறு மாதம் காய்ந்த ரோட்டில் ஓட்டும்போது டயர் உனக்கு ஒன்றுமே சொல்லாது, முதல் மழையில்தான் சொல்லும், அதுவும் எப்படிப்பட்ட மழை? மாதக்கணக்காகச் சிந்திய ஆயிலும் டீசலும் தூசியும் கிடக்கிற ரோட்டில் பத்து நிமிஷம் தூறுகிறதே அந்த மழை. அடித்துப் பெய்தால்கூடக் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த நேரத்தில் வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, மேம்பாலத்தில் குறுக்கே வருகிற இரும்புப் பட்டை, இது மூன்றும் சோப்புத் தண்ணீர் ஊற்றின மாதிரி.

ஒரு கணக்குச் சொல்கிறேன், நீ இன்ஜினியர், சரிபார்த்துக்கொள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் நல்ல டயரோடு காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் 18 மீட்டரில் நிற்கலாம். பிடி பாதியானால் 35 மீட்டர் வேண்டும். இதில் கண் பார்த்து கை பிடிக்கிற ஒரு விநாடியைச் சேர்க்கவில்லை, அதிலேயே 16, 17 மீட்டர் ஓடியிருக்கும்.

ஏபிஎஸ் இருக்கிறது என்று போன தடவை என் வாயை அடைத்தாய். உன் வண்டியில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின்னால் கிடையாது. அப்புறம், ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், இருக்கிற பிடியை வீணாக்காது. இல்லாத பிடியை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இப்போது ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். என் இடது முட்டியில் இருக்கிற தழும்பைப் பற்றிச் சின்ன வயதில் கேட்பாய், கிணற்றில் குதித்தபோது பட்டது என்று சொல்லி வைத்தேன். பொய். 1996, ஆடி 18, கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவுக்குப் போய்விட்டு என் ராஜ்தூத் பைக்கில் இறங்கிக்கொண்டிருந்தேன், பின்னால் பட்டறை நண்பன் ஒருத்தன். செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவு. மழைகூட இல்லை, மலையில் வருமே, சாரல், அதுதான். பாதி இறங்கியிருப்போம், ஒரு வளைவில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துத்தான் பிடித்தேன், வழக்கம்போல. பின் சக்கரம் எனக்கு முன்னால் வந்து நின்றது. அப்படித்தான் இருந்தது, நான் இங்கே உட்கார்ந்திருக்க சக்கரம் பக்கத்தில் வந்து என்னைப் பார்க்கிறது. கைப்பிடிச் சுவர் இருந்ததால் இரண்டு பேரும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறோம். நண்பனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு முட்டி.

லாரி டயரைத் தட்டிப் பார்த்தே கேசிங், அதாவது டயரின் உடம்பு, உள்ளே பிரிந்திருக்கிறதா இல்லையா என்று சொல்கிறவன் நான். எத்தனை டிரைவர்களிடம், "அண்ணே, இது தாங்காது, இறக்கிடுங்க" என்று சொல்லியிருப்பேன். என் வண்டி டயர் மொட்டையாகி மூன்று மாதம் ஆகியிருந்தது, தெரியும், சம்பளம் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பட்டறையில் ஒரு மாதம் சிரித்தார்கள். உங்க அம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம், அவளிடமும் கிணற்றுக் கதைதான். இதைப் படித்துவிட்டு நீ அம்மாவிடம் உளறி வைக்காதே.

முன் டயருக்கு வருகிறேன், அதில்தான் நீ என்னோடு சண்டை போடுவாய். அதில் பள்ளம் இருக்கிறது, தேய்மானம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கிறது, 3119. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2019இன் 31ஆவது வாரம், அதாவது ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறக்கிற வாரத்தில் செய்த டயர். வண்டி வாங்கினபோது வந்ததே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் வீட்டுக்காரர் பார்க்கிங் தராமல் வண்டி தெருவில் வெயிலில் நிற்கிறது, ரப்பரை இளக்கமாக வைத்திருக்கிற எண்ணெய்ப் பசை வெயிலிலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும். பக்கச் சுவரில் தலைமுடி மாதிரி விரிசல் ஓடியிருப்பதைப் பார்த்தேன். நகத்தால் அழுத்திப் பார், நல்ல ரப்பர் உள்வாங்கி மேலே வரும், உன்னுடையது பிளாஸ்டிக் வாளி மாதிரி நிற்கிறது. ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும், உன்னுடையது அதையும் தாண்டிவிட்டது. பின் சக்கரம் வழுக்கினால் சில நேரம் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்கவே நேரம் இருக்காது. பிரேக்கில் பாரம் பெரும்பாலும் முன்னால்தான் வந்து விழும். அதனால் இரண்டையும் மாற்று.

அளவு டயரிலேயே இருக்கிறது, பின்னால் 100/90-17, முன்னால் 80/100-17. 100 என்பது அகலம் மில்லிமீட்டரில், 90 என்பது அதில் எத்தனை சதவீதம் உயரம் என்பது, 17 ரிம் அங்குலத்தில். பின்னால் 55பி என்று இருப்பதில் 55 என்றால் 218 கிலோ தாங்கும், பி என்றால் 150 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். கடைக்காரன் "சார், இன்னும் அகலமா போடலாம், லுக்கு வரும்" என்பான். வேண்டாம். ரிம்முக்கு மீறின அகலம் போட்டால் டயரின் வட்டமே மாறிப்போகும். கம்பெனி எது என்று நான் சொல்ல மாட்டேன், பட்டறைக் காலத்திலேயே அந்தச் சண்டை தீரவில்லை. மாட்டுவதற்கு முன்னால் அந்த நாலு எண்ணைப் பார், கடையில் இரண்டு வருடம் தூங்கினதை உன் தலையில் கட்டிவிடுவார்கள். அம்புக்குறி சுற்றுகிற பக்கம் பார்த்து இருக்கிறதா என்று நீயே பார், வால்வையும் புதிதாகப் போடச் சொல்.

பழைய டயரில் சூடான கத்தியால் கோடு வெட்டி புதுசு மாதிரி விற்கிறவர்கள் உண்டு, பாதி விலைதான். தொட்டுவிடாதே. லாரி டயரில் கோடு வெட்டுவதற்கென்றே அடியில் கனமாக ரப்பர் வைத்து, அதை டயரிலேயே அச்சடித்து வருவது வேறு விஷயம். பைக் டயரில் வெட்டினால் மிச்சம் இருக்கிற மெல்லிய ரப்பரையும் எடுத்துவிட்டு உள்ளே டயரைத் தாங்குகிற நூலுக்குக் கிட்டே போய்விடுகிறான். லாரிக்கு ரீட்ரெடிங் செய்து பிழைத்தவன் சொல்கிறேன், இரண்டு சக்கரத்துக்கு அந்த வித்தையெல்லாம் வேண்டாம்.

புது டயர் போட்டதும் முதல் 150 கிலோமீட்டருக்கு மெதுவாகப் போ, படுத்துக்கொண்டு வளைக்காதே. அச்சிலிருந்து வரும்போது மேலே ஒரு வழவழப்பு இருக்கும், அது போகணும். பளபளப்புக்கு பாலிஷ் எதுவும் பூசாதே. காற்று காலையில், வண்டி ஓட்டுவதற்கு முன்னால் பார்க்கணும், செயின் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் எவ்வளவு என்று போட்டிருக்கிறது, ரூம்மேட்டைப் பின்னால் ஏற்றுகிற நாளுக்கு அதில் தனிக் கணக்கு உண்டு. பெட்ரோல் பங்க் பையன் குத்துமதிப்பாக அடிக்கிற காற்று கணக்கில் வராது.

இன்னொன்று. நீ வரும்போது தர்மபுரி தாண்டி வருகிற தொப்பூர் மலை இறக்கத்தில் இந்த டயரோடுதான் வந்திருக்கிறாய், நாலு லாரிக்கு நடுவே. அன்றைக்கு அங்கே தூறல் இல்லை. கழுவி முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அம்மா காபி கொண்டுவந்து வைத்து ஆறிப்போச்சு.

பணம் அனுப்பவா என்று கேட்டால் கோபம் வரும் உனக்கு, அதனால் கேட்கவில்லை. இரண்டும் சேர்த்து ஐயாயிரத்துக்குப் பக்கம் வரலாம். பெங்களூரில் சித்திரை கடைசியிலேயே சாயங்கால மழை ஆரம்பித்துவிடும், ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வா. மாட்டினதும் போட்டோ அனுப்பு. நீ வண்டி மேல் சாய்ந்து நிற்கிற போட்டோ அம்மாவுக்கு. எனக்கு அந்த நாலு எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

அப்பா