அந்தக் கறுப்புத் தொட்டி ஹோட்டல் வேண்டாம், கண்ணம்மா

கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று ஹோட்டல் படங்களையும் அப்பாவும் நானும் மாற்றி மாற்றிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டோம். மூன்றும் அழகுதான். "எதுன்னு சீக்கிரம் சொல்லும்மா, ரூம் போயிடும்" என்று கேட்டிருந்தாய். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நடுவில் சின்னவன் அழுவான், நீ "அப்புறம் கூப்பிடறேன்" என்பாய், அந்த அப்புறம் வரவே வராது. அதனால் எழுதுகிறேன், அவன் தூங்கும்போது படி.

பிள்ளைகள் பிறந்துவிட்டதால் இனிமேல் முந்நூறு அறை வைத்த பெரிய ஹோட்டல்தானா என்று நீ அலுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. பதினைந்து இருபது அறை மட்டும் வைத்து, பார்த்துப் பார்த்து அமைத்த சின்ன ஹோட்டலில் கைக்குழந்தையோடு தாராளமாகத் தங்கலாம். ஒரே ஒரு விஷயம், அங்கே ஒரு அறை மாதிரி இன்னொரு அறை இருக்காது, அதற்காகத்தானே அதைத் தேடிப் போகிறோம். அதனால் ஹோட்டல் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, உனக்குக் கொடுக்கப்போகிற அந்த ஒரு அறை எது, அது எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பணம் கட்ட வேண்டும்.

உனக்கு நாலு வயது, தம்பிக்கு எட்டு மாதம் இருக்கும்போது இந்த மாதிரி ஒரு இடத்தில் மூன்று ராத்திரி தங்கினோம். உனக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது. படத்தில் பார்த்து மயங்கிப் பதிவு செய்தது நான்தான், அப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். ஏழரை மணிக்கு உங்கள் இரண்டு பேரையும் தூங்க வைத்தாகிவிட்டது. அதற்கப்புறம் நாங்கள் எங்கே போவது? விளக்கைப் போட்டால் தம்பி முழித்துக்கொள்வான், குளியலறை விளக்கைப் போட்டால் கண்ணாடி வழியாக அறை முழுக்கப் பகலாகிவிடும். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து திருடர்கள் மாதிரி கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்கு அப்பா தண்ணீர் எடுக்க எழுந்தவர், முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு கண்ணாடி மேஜையில் இடித்துக்கொண்டு, கத்தவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். மூன்று ராத்திரியும் ஏழரைக்கே இருட்டு. ஊர் சுற்றிய அலுப்பைவிட அந்த இருட்டு அலுப்பு பெரிசு.

அதனால் படத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது ஒரு கதவை. குழந்தைகள் தூங்கின பிறகு நீங்கள் இரண்டு பேரும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார ஒரு இடம், நடுவில் சாத்தக்கூடிய ஒரு கதவு. 'ஜூனியர் சூட்' என்று போட்டிருப்பதை நம்பாதே, பெரும்பாலும் அது ஒரே பெரிய அறை, ஒரு மூலையில் சோபா, அவ்வளவுதான். அடுத்தடுத்து இரண்டு அறை எடுப்பதானால் 'கனெக்டிங்' என்றால் இரண்டுக்கும் நடுவே உள்கதவு இருக்கும், 'அட்ஜாயினிங்' என்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்பது மட்டும்தான், நீ வராந்தாவுக்கு வந்து சாவி போட்டுத் திறந்துதான் மகளைப் பார்க்க முடியும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இரண்டையும் குழப்பிச் சொல்லுவார்கள், "உள்ளே கதவு இருக்கிறதா" என்றே கேட்டுவிடு. இருக்கிறது என்றால் அறை எண்ணைப் போட்டு ஒரு மெயில் அனுப்பச் சொல். நீ பதிவு செய்யும்போது எழுதும் வேண்டுகோள் ஒரு வேண்டுகோள் மட்டும்தான், அதை அவர்கள் தந்தே ஆக வேண்டும் என்றில்லை. சின்ன ஹோட்டலில் அந்த மாதிரி அறை ஒரே ஒரு ஜோடிதான் இருக்கும், வேறு யாருக்காவது போய்விட்டால் மாற்றித் தரவும் ஒன்றும் இருக்காது.

இந்தச் சின்ன ஸ்டைல் ஹோட்டல்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு அப்பா ஒரு காரணம் வைத்திருக்கிறார். நியூயார்க்கில் 1984-ல் மார்கன்ஸ் என்று ஒரு ஹோட்டல் திறந்தார்களாம், இயன் ஷ்ரேகர், ஸ்டீவ் ரூபெல் என்று இரண்டு பேர், அதற்கு முன்னால் 'ஸ்டூடியோ 54' என்ற இரவு விடுதியை நடத்தியவர்கள். மற்ற ஹோட்டலெல்லாம் எல்லாச் சாமானும் விற்கிற பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர், எங்களுடையது 'பூட்டிக்', அதாவது பார்த்துப் பொறுக்கி வைத்த சின்னக் கடை என்று ரூபெல் சொல்லப்போய், பூட்டிக் ஹோட்டல் என்ற பேர் ஒட்டிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். ஆந்த்ரே புட்மான் என்ற பிரெஞ்சு அம்மாதான் உள் அலங்காரம், குளியலறையில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஓடு. சரி, இரவு விடுதி நடத்தியவர்கள் யாரை மனசில் வைத்துச் செய்திருப்பார்கள்? ராத்திரி ஊர் சுற்றிவிட்டு வந்து காலை பத்து வரை தூங்குகிறவர்களை. அந்த வழியில் வந்ததுதான் மங்கலான வராந்தாவும், லாபியிலேயே பாரும், மொட்டை மாடியில் இசையும். காலை ஐந்தரைக்கு எழுந்து "பாட்டி" என்று கத்துகிற சின்னவன் அவர்கள் கணக்கிலேயே கிடையாது. அப்பா சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன், இது அந்தப் பாதியில் சேர்ந்தது.

எனவே பார் எந்த மாடியில், உன் அறை எந்த மாடியில் என்று கேள். நடு மாடி, பின்பக்கம், லிஃப்டை விட்டுத் தள்ளி இருந்தால் நல்லது. பழைய கட்டடத்தை மாற்றிக் கட்டியதென்றால் மரத்தரையாக இருக்கும், பெரியவள் காலையில் குதிக்கிற குதிக்குக் கீழ் அறையில் இருப்பவர் மேலே வந்துவிடுவார். கீழே லாபியோ சாமான் அறையோ இருக்கிற மாதிரி ஒரு அறை கிடைத்தால் விடாதே, உனக்கு மட்டும் நிம்மதி போதுமா, அடுத்தவருக்கும் வேண்டாமா?

அறையின் அளவை அவர்கள் சதுர மீட்டரில் போட்டிருப்பார்கள். நீ முதலில் அனுப்பியது 18 சதுர மீட்டர், அதாவது சுமார் 194 சதுர அடி. அதில் பெரும்பாலும் குளியலறையும் கதவோரத்து நடையும் அடங்கும். கிங் சைஸ் கட்டில் 193-க்கு 203 சென்டிமீட்டர், அதுவே கிட்டத்தட்ட 4 சதுர மீட்டர் சாப்பிட்டுவிடும். மடக்குத் தொட்டில் சுமார் ஒரு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம். அப்புறம் இரண்டு பெட்டி, தள்ளுவண்டி. உன் வீட்டு ஹாலில் பழைய செய்தித்தாளை இந்த அளவுகளுக்கு விரித்துவிட்டு நடுவில் நடந்து பார், எந்தப் படமும் சொல்லாததை அது சொல்லும். ஹோட்டல்காரர்கள் படத்தை அகலக் கோண லென்ஸில் மூலையில் நின்று எடுப்பார்கள், பெட்டி வைக்க இடமில்லாத அறைகூட மண்டபம் மாதிரி தெரியும். தங்கிப் போனவர்கள் ஃபோனில் எடுத்துப் போட்ட கோணல்மாணல் படங்களைப் பார், கலைந்த போர்வைக்குப் பக்கத்தில் எத்தனை தரை ஓடு தெரிகிறது என்று எண்ணு.

இப்போது நான் பயமுறுத்தப்போகிறேன், திட்டாதே. மூன்றாவது ஹோட்டலில் அறைக்குள்ளேயே படி ஏறி மேலே கட்டில் போட்டிருக்கிறார்களே, அந்தக் கைப்பிடிக் கம்பிகளைப் பார்த்தாயா? பல நாட்டுக் கட்டட விதிகளில் கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் உருண்டை நுழையக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், குழந்தை நழுவிப் போய்விடக் கூடாது என்பதற்காக. பழைய கட்டடங்கள் அந்த விதிக்கு முந்தியவை. கம்பி படுக்கைவாட்டில் இருந்தால் சின்னவனுக்கு அது ஏணி. ஜன்னல் திண்டு தாழ்வாக இருக்கிறதா, ஜன்னல் எவ்வளவு திறக்கும் என்றும் கேள். குழாய் இன்னொரு வம்பு. அழகாக இருக்க வேண்டுமென்று சிவப்பு நீலப் புள்ளிகூட இல்லாமல் ஒரு கம்பியை மட்டும் சுவரில் செருகி வைத்திருப்பார்கள், எந்தப் பக்கம் திருப்பினால் சூடு என்று சாமிக்கே வெளிச்சம். வெந்நீர்த் தொட்டியில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரக் கூடாது என்று பல இடங்களில் 60 டிகிரியில் வைப்பார்கள். அந்தச் சூடு அப்படியே குழாயில் வந்தால் பெரியவர்களுக்கே சில விநாடியில் தோல் வெந்துவிடும், குழந்தைக்கு அதைவிடச் சீக்கிரம். போனவுடன் நீயே கையை வைத்துப் பார், அதுவரை பெரியவளைக் குழாய்ப் பக்கம் விடாதே.

அறைக்குள் நுழைந்ததும் முதல் ஐந்து நிமிஷம் பெட்டியைத் திறக்காதே. சின்னவன் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்து சுற்றிப் பார். மெல்லிசான ரிமோட், மெழுகுவர்த்தி மாதிரி எரிகிற குட்டி விளக்கு, இதிலெல்லாம் பட்டன் பேட்டரி இருக்கும், அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே அரித்துப் புண்ணாக்கிவிடும். எல்லாவற்றையும் அலமாரி மேல் தூக்கி வை. திரைச்சீலைக் கயிற்றை மேலே சுருட்டிக் கட்டு. அழகுக்கென்று தொட்டிலில் குஷன் அடுக்கியிருந்தால் எடுத்துவிடு, ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தலையணையும் வேண்டாம், தடித்த போர்வையும் வேண்டாம்.

மாப்பிள்ளை, சின்னவனைக் கணக்கில் சொல்லாமல் மூன்று பேர் என்று போட்டுவிடலாம் என்றாராமே. வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல். தீ விபத்து மாதிரி ஏதாவது என்றால் உள்ளே எத்தனை பேர் என்று ஹோட்டலின் பதிவுப் பட்டியலைப் பார்த்துத்தான் தேடுவார்கள். தவிர, சில சின்ன ஹோட்டல்களில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை என்று எங்கேயோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ராத்திரி வரவேற்பு மேஜையில் ஆள் இருப்பார்களா என்பதும் முக்கியம். சில இடங்களில் ராத்திரி யாரும் இருக்க மாட்டார்கள், வாசல் கதவுக்கு ஒரு எண் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவாய்?

இத்தனையும் கேட்க நீ ஃபோன்தான் செய்ய வேண்டும். குழந்தைகள் வருகிறார்கள் என்று சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து "எத்தனை வயசு?" என்று கேட்டால் அந்த இடத்தை நம்பலாம். "எங்கள் ஹோட்டலில் எல்லோருக்கும் வரவேற்பு" என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தொட்டில் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. சின்ன ஹோட்டலின் நல்ல குணமும் இதில்தான் தெரியும், நல்ல ஆளாக அமைந்துவிட்டால் இரண்டாம் நாளே பெரியவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், மதியம் மூன்று மணிக்குத் தரவேண்டிய அறையைத் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்த்துப் பதினொரு மணிக்கே திறந்து கொடுப்பார்.

என் தீர்ப்பு இரண்டாவது, பச்சை ஜன்னல் போட்டது. படிக்கும் அறை மாதிரி ஒன்று கதவோடு தனியாகத் தெரிகிறது, கீழே ஒரு முற்றம் இருக்கிறது, நடக்கிற தூரத்தில் பூங்காவும் வரைபடத்தில் தெரிகிறது. மூன்றாவது அந்தப் படிக்காகவே வேண்டாம். முதலாவதில் அறை நடுவே கறுப்புக் குளியல் தொட்டி ஒன்று நிற்கிறதே, உன் கண் அதன் மேல்தான் என்று எனக்குத் தெரியாதா. அதை விட்டுவைடி, சின்னவன் கொஞ்சம் வளரட்டும். பிள்ளைகளை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் மட்டும் இரண்டு நாள் போய் வாருங்கள், கண்ணாடி மேஜை எங்கே இருக்கிறதென்று மட்டும் வெளிச்சத்தில் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல் அவரை.

அம்மா