செயலாளர் அறிக்கை, 2024–2025

சிட்னித் தமிழ் வணிகர்களான நம் சங்கத்தின் மதிப்புக்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. டிசம்பரில் மட்டும் கூடவில்லை, அந்த மாதம் நம்மில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. வரிக் கணக்குப் பட்டறை நடந்தது. வாகனத் தரிப்பிடம் கேட்டு நகரசபைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது, தரிப்பிடம் வரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் சொல்வார்.

மிச்சம் எல்லாம் ஒரே விடயம்: அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளோடு நாம் நடந்துகொள்ளும் முறை. "இந்த நாட்டின் ஆதிக்குடிகளுக்கும் அவர்கள் நிலத்துக்கும் மதிப்பளித்து வணிகம் செய்வோம்" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கைதட்டித் தீர்மானம் போட்டோம். அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியவன் நான்.

தொடக்கமே சறுக்கல், அதுவும் என்னுடையது. இங்கே கூட்டம் தொடங்கும்போது அந்த நிலத்துக்குரிய ஆதிக்குடிகளை நினைவுகூரும் வாசகம் ஒன்றை வாசிப்பது வழக்கம். ஓகஸ்ட் கூட்டத்தில் அதை மெல்பேர்ண் நண்பர் ஒருவர் அனுப்பிய தாளிலிருந்து அப்படியே வாசித்தேன். அதில் வுருண்ட்ஜெரி மக்கள் என்று இருந்தது. அவர்கள் மெல்பேர்ண் பக்கத்தவர்கள். நாம் கூடியிருந்த டூங்காபி, சிட்னியின் மேற்கில் உள்ள தாருக் மக்களின் நிலம். அந்த ஊர்ப் பெயரே துகாகல் என்ற அவர்களுடைய குலத்தின் பெயரிலிருந்து வந்தது. பக்கத்து ஊரான பரமட்டாவின் பெயரும் அவர்கள் சொல்தான், விலாங்கு மீன் கிடக்கும் இடம் என்று பொருள். நான் பிழையாக வாசித்ததைவிட, மண்டபத்தில் ஒருவரும் அதைக் கவனிக்காததுதான் பிறகு என்னை உறுத்தியது. யாழ்ப்பாணத்துக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து மட்டக்களப்பாருக்கு நன்றி சொன்னால் விட்டிருப்போமா?

அடுத்தது தைப்பொங்கல் விழா. நினைவுகூரும் வாசகத்தை யாரும் வாசிக்கலாம். 'எங்கள் நிலத்துக்கு வாருங்கள்' என்று வரவேற்கும் உரிமை அந்த நிலத்தவர்களுக்கு மட்டுமே. அதற்காகத் தாருக் மூத்தவர் ஒருவருக்கு விழாவுக்கு நான்கு நாள் முன்பு மின்னஞ்சல் போட்டோம். கட்டணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வர இயலாது என்று பண்பாகப் பதில் வந்தது. நாதஸ்வரக் குழுவுக்கு ஆறு மாதம் முன்பே முற்பணம் கட்டியவர்கள் நாம்.

சித்திரை விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே தாருக் மூத்தவர் ஒருவருக்கு எழுதி, கட்டணத்தையும் கேட்டு, முன்கூட்டியே செலுத்தினோம். பொருளாளர் அதை 'நன்கொடை' என்று பதிந்திருந்தார். செயற்குழுவில் அரை மணி நேரம் வாக்குவாதம். குருக்களுக்கும் வித்துவானுக்கும் கொடுப்பது கணக்கேட்டில் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, இதுவும் அந்தத் தலைப்பில்தான் இருக்க வேண்டும் என்று கடைசியில் 'சேவைக் கட்டணம்' ஆக மாற்றினோம்.

விழாவில் வரவேற்க வந்த அந்த மூத்த அம்மா, ஆங்கிலேயக் குடியேற்றத்தை எதிர்த்துப் போரிட்ட ஆதிக்குடி வீரர் பெமுல்வுய் பற்றிப் பேசினார். 1797இல் டூங்காபி அரசுப் பண்ணையைத் தாக்கி, பரமட்டாவில் படையினரோடு மோதி, குண்டடி பட்டும் தப்பியவர். 1802இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நமக்குப் பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு புறநகர் இருக்கிறது. அங்கே வீடு வாங்கிய நம் அங்கத்தவர்கள் சிலருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று அன்றுதான் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்.

இனிக் கடை விடயம். ஓர் அங்கத்தவர் பரிசுப் பைகள் இறக்கியிருந்தார். ஆதிக்குடி ஓவியம் போலப் புள்ளி புள்ளியாக அச்சு. வரைந்தவர் யார் என்று கேட்டோம். வெளிநாட்டுத் தொழிற்சாலைப் பட்டியலில் இலக்கம் பார்த்து எடுத்ததாகச் சொன்னார். இந்தோனேசியாவில் செய்த பூமராங் முதலியவற்றை ஆதிக்குடிக் கைவேலை போலக் காட்டி விற்ற நிறுவனம் ஒன்றுக்கு 2019இல் சமஷ்டி நீதிமன்றம் 2.3 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. நம்மவர் அப்படி ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் பைகளை விலக்கிக்கொண்டார். நட்டம் முழுவதும் அவருடையது, சங்கம் பங்கெடுக்கவில்லை. அது சரியில்லை என்பது என் கருத்து, குறிப்பேட்டிலும் பதிந்திருக்கிறேன். ஆதிக்குடிக் கொடியைப் பயன்படுத்த அனுமதி வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். அதை வடிவமைத்த ஹரல்ட் தோமஸிடமிருந்து 2022இல் அரசு பதிப்புரிமையை வாங்கிவிட்டது.

பலசரக்குக் கடை ஒன்றில் வேலை செய்யும் ஆதிக்குடி இளைஞர், தாயின் சகோதரி காலமானதற்கு ஒரு கிழமை விடுமுறை கேட்டார். நெருங்கிய குடும்பத்துக்கென்று சட்டம் சொல்வது 2 நாள். 'அத்தை செத்ததுக்கு ஒரு கிழமையா?' என்று முதலாளி என்னிடம் முறையிட்டார். 'ஆன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கியதில் வந்த குழப்பம். தாயின் சகோதரி அவர்களுக்கும் தாய்தான், நமக்குப் பெரியம்மா, சின்னம்மா போல. இறந்தவருக்கு எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று 31 நாள் கணக்கு வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியிருந்தது வியப்பு. விடுமுறை கொடுத்தார், சம்பளத்தோடு.

களஞ்சியசாலை கட்டும் அங்கத்தவர்கள் கவனிக்க: காணி உறுதி உங்கள் கையில் இருந்தாலும், மண்ணுக்குள் கிடக்கும் ஆதிக்குடிகளின் கல்லாயுதத்தைச் சிதைப்பது 1974ஆம் ஆண்டின் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சட்டப்படி நம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குற்றம். தெரியாமல் செய்தேன் என்பது மட்டும் போதாது. தோண்டுமுன் தேடிப் பார்த்ததற்குச் சான்று வேண்டும். ஆதிக்குடிகளின் தொல்லிடங்களுக்கான மாநிலப் பதிவேட்டில் இணையவழி அடிப்படைத் தேடலுக்குக் கட்டணம் இல்லை. ஓடைக்கு அருகே, முன்பு கிளறப்படாத நிலம் என்றால் கூடுதல் கவனம். காணி என்றால் என்னவென்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பலர் ஊரில் உறுதியோடு நின்றும் உள்ளே போக முடியாமல் இருந்தவர்கள்.

கொள்முதலில்தான் தோற்றோம். ஆதிக்குடிகள் பாதியோ அதற்கு மேலோ உரிமை கொண்ட நிறுவனங்களைச் சப்ளை நேஷன் அமைப்பின் பட்டியலில் தேடலாம். சுத்திகரிப்பு, எழுதுபொருள், அச்சு வேலைகளை அங்கே கேட்டுப் பார்க்கும்படி எல்லோருக்கும் எழுதினேன். மாறியவர்கள் இருவர். 'விலை கூட' என்றார்கள் மற்றவர்கள். விலை கேட்டுப் பார்த்துத்தான் சொன்னீர்களா என்று நான் கேட்டதற்குச் சிலர் இன்னும் பதில் போடவில்லை. சங்கத்தின் அச்சு வேலையும் இன்னும் பழைய இடத்தில்தான் நடக்கிறது.

இரண்டு முன்மொழிவுகளை இன்று வாக்கெடுப்புக்கு விடுகிறேன். ஒன்று, வரவேற்புக்கான கட்டணம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிரந்தரச் செலவினமாக இருக்க வேண்டும். இரண்டு, சங்கத்தின் அடுத்த அச்சு வேலைக்குக் கேட்கும் மூன்று விலைமனுக்களில் ஒன்றாவது ஆதிக்குடி நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். முன்மொழிபவர், வழிமொழிபவர் கையெழுத்துக்கான தாள் தேநீர் மேசையில் இருக்கிறது.

செயலாளர்