தலையைப் பிடித்திருந்த தம்பிக்கு

அம்மாவை நேற்று சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வாக்கரைப் பிடித்து நான்கு எட்டு வைத்தாள், ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கி முடித்ததும் கேட்ட முதல் கேள்வி: "என் தலையைப் பிடிச்சிட்டிருந்த அந்தத் தம்பிக்குச் சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும்: பாதசாரிக் கடவையில் ஒரு கார் நின்று வழிவிட, அம்மா சாலையில் இறங்கினாள்; அடுத்த தடத்தில் நிற்காமல் வந்த வண்டி இடித்துவிட்டது. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ரத்தம் கொடுக்க ஓடி வந்தவர்கள், ராத்திரி வார்டு வாசலில் முறை போட்டு உட்கார்ந்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார், முகம் சுளிக்காத செவிலியர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்க்கிறேன்.

தம்பி, இனி உங்களுக்கு.

நான் ஓடி வந்தபோது உங்கள் கார் சாலைக்குக் குறுக்கே நின்றது, நான்கு இண்டிகேட்டரும் மினுக்கிக்கொண்டிருந்தன. நீங்கள் தார்ச்சாலையில் மண்டியிட்டு, அம்மாவின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்திருந்தீர்கள். ஒருவர் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தார், இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார். "தொடாதீங்க, கழுத்து அசையக் கூடாது" என்று இருவரிடமும் கத்தினீர்கள். அதே வாயால் அம்மாவிடம் மெதுவாக, "கண்ணை மூடாதீங்கம்மா, பேரப்பிள்ளைங்க எத்தனை பேரு?" பத்துத் தடவையாவது கேட்டிருப்பீர்களாம். ஆம்புலன்சில் ஏற்றிய பிறகுதான் எழுந்தீர்கள். பேன்ட் முட்டியில் கிழிந்து, பொடிக்கல் ஒட்டியிருந்தது.

அப்போது ஒன்று சொன்னீர்கள். "நான் நிறுத்தாம போயிருந்தா அவங்க இறங்கியே இருக்க மாட்டாங்க." அன்று பதில் சொல்ல எனக்கு வாயில்லை. நீங்கள் செய்ததுதான் சரி, தம்பி. வெள்ளைக் கோட்டில் கால் வைக்க நின்றவருக்காக வண்டியை நிறுத்தினீர்கள். அடுத்த தடத்தில் வந்தவருக்கு நீங்கள் ஏன் நின்றீர்கள் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். நிற்கிற காரின் மறைப்பில் நடந்து வருபவர் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுகிறது. பிரேக்குக்குக் கால் போவதற்குள் அந்த நொடி தீர்ந்துவிடும், வண்டி நிற்பது அதற்கப்புறம். கடவை முன் நின்ற வண்டியை முந்தக் கூடாது என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறதாம். சில இடங்களில் நிறுத்தக் கோட்டைக் கடவையை ஒட்டிப் போடாமல் சில மீட்டர் முன்னாலேயே போடுகிறார்கள், அடுத்த தடத்துக்காரருக்கும் ஆள் தெரியட்டும் என்று.

இதெல்லாம் வார்டு வாசலில் உட்கார்ந்து போனில் படித்தது. படிக்கப் படிக்க வேறொன்று உறுத்தியது. முன்னால் ஒரு வண்டி சட்டென்று நின்றால் நான் என்ன செய்வேன்? ஹார்ன் அடிப்பேன். இடம் கிடைத்தால் பக்கவாட்டில் வெட்டிப் போவேன். இருபது வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகாததை என் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன். அம்மாவை இடித்தவரைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் இது குறுக்கே வந்து நிற்கிறது. அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, வழக்கு அதன்பாட்டில் நடக்கட்டும். ஆனால் இனி முன்னால் ஒரு வண்டி நின்றால் நானும் நிற்பேன், பின்னால் எத்தனை பேர் ஹார்ன் அடித்தாலும் சரி.

தலையைப் பிடித்திருந்த அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவருடைய கைக்குட்டை எங்களிடம்தான் இருக்கிறது. இரண்டு தடவை துவைத்தும் கறை முழுதாகப் போகவில்லை, புதிதாக ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள் அம்மா.

பேரப்பிள்ளைகள் மூன்று பேர், தம்பி. வீட்டுக்கு வரும்போது மறுபடியும் கேட்க வேண்டாமாம், சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சமாம்.